நூற்றுக்கு எத்தனை வட்டி? செட்டிநாட்டுத் தொழில்களை மின்சிக்கன முதலீட்டுக்கு இணங்கவைக்கும் வழி

புதுவயலில் அரிசி ஆலை நடத்துபவரிடமோ, கானாடுகாத்தானில் பழைய வளவு வீட்டை, அதாவது முற்றம் வைத்த பெரிய குடும்ப வீட்டை, விடுதியாக்கியிருப்பவரிடமோ பருவநிலை மாற்றத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அவர் மரியாதைக்குத் தலையசைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அவருக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர் தினமும் முடிவெடுக்கும் கணக்குக்குள் அந்தப் பேச்சு வந்து சேரவில்லை என்பதே பொருள். குடும்பத் தொழிலுக்குத் திரும்பியிருக்கும் இளைஞர்கள், வணிகர் சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், தணிக்கையாளர் அலுவலகங்களில் பணிபுரிவோர், பொறியியல் மாணவர்கள் ஆகியோரில் எவரேனும் தம் ஊர்த் தொழில்முனைவோரை எரிசக்திச் சிக்கனத்தில் பணம் போடச் செய்ய விரும்பினால், எங்கே தொடங்கி எப்படி நடத்திச் செல்வது என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

எரிசக்திச் சிக்கனம் என்றால் வேலையைக் குறைப்பது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதே நெல்லை அதே தரத்தில் அரைக்கவும், அதே அறையை அதே அளவு குளிரச் செய்யவும் குறைந்த மின்சாரமோ எரிபொருளோ போதும்படி செய்வதே அது. இந்தியாவில் மின்கட்டமைப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே காரணம். ஆகவே ஓர் ஆலை ஆண்டுக்கு 10,000 யூனிட்டைக் குறைத்தால் சுமார் 7 டன் குறைகிறது. 2070க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. அந்தக் கணக்கு நிறைவேற வேண்டுமானால் பெரிய சிமெண்ட், உருக்கு ஆலைகள் மாறினால் மட்டும் போதாது. நம் பக்கத்துச் சிறு தொழில்களும் அதில் சேர வேண்டும்.

முதல் படி: யாரிடம் போவது

எல்லோரிடமும் போக வேண்டியதில்லை. ஓர் இயந்திரம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் முதலீடு திரும்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. திருமண மண்டபத்தில் விளக்குகள் ஏராளம். ஆனால் முகூர்த்த நாட்களைத் தவிர அவை எரிவதில்லை, அங்கே விலையுயர்ந்த கருவியை மாற்றச் சொல்வது வீண். ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறைகளையும் விட்டுவிடலாம். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள், சூளையே கிடையாது. தண்ணீர் மோட்டாரும் சில விளக்குகளும் தவிரக் குறைப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாத இடத்தில் நேரத்தைச் செலவிட்டால், உங்கள் பேச்சின் மீதுள்ள நம்பிக்கைதான் குறையும்.

மாறாக, பருவத்தில் இரவும் பகலும் ஓடும் அரிசி ஆலைகள், ஆண்டு முழுவதும் குளிரூட்டியும் வெந்நீரும் தேவைப்படும் விடுதிகள், மருத்துவமனைகள், காலை முதல் இரவு வரை விளக்கு எரியும் ஜவுளி, எவர்சில்வர் கடைகள், நாள்தோறும் அடுப்பெரியும் பலகாரக் கூடங்கள் ஆகியவை முதலில் அணுகத் தக்கவை. இவற்றுள்ளும் ஏற்கெனவே ஏதேனும் ஒரு செலவுக்கு முன்னே நிற்பவரைத் தேடுங்கள். மோட்டார் எரிந்துபோனவர், பழைய குளிரூட்டியை மாற்ற நினைப்பவர், கூடத்தை விரிவாக்குபவர் ஆகியோர் எப்படியும் பணம் எடுக்கப்போகிறார்கள். அந்தப் பணம் சரியான கருவிக்குப் போகும்படி செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கழற்றச் சொல்வதைவிடப் பன்மடங்கு எளிது.

இரண்டாம் படி: பன்னிரண்டு மாதச் சிட்டை

முதல் சந்திப்பில் எதையும் விற்காதீர்கள், எதையும் பரிந்துரைக்காதீர்கள். கடந்த ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளை மட்டும் கேளுங்கள். ஓராண்டு ஏன் வேண்டுமென்றால், இங்கே தொழில்கள் பருவத்தோடு ஏறி இறங்குகின்றன: அறுவடைக்குப் பின் ஆலைகளும், மார்கழி தை மாதங்களில் வெளிநாட்டுப் பயணிகள் வரும்போது விடுதிகளும், தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் பலகாரக் கூடங்களும் சுறுசுறுப்பாகின்றன. இரண்டு மாத ரசீதை மட்டும் வைத்துப் போடும் கணக்கு நிச்சயம் தவறும்.

ரசீதில் யூனிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு, அதன் பேரில் வரும் நிலைக்கட்டணம் எவ்வளவு, உயரழுத்த இணைப்பாயின் உச்சத் தேவை எவ்வளவு பதிவாகியிருக்கிறது, மின்திறன் காரணி (எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்னும் அளவு) குறைந்ததற்காக அபராதம் ஏதும் விழுந்திருக்கிறதா என்பவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் கழற்றிப்போட்ட இயந்திரத்துக்கும் சேர்த்து இன்றும் நிலைக்கட்டணம் கட்டிவருபவர்கள் உண்டு. பளுவைக் குறைக்க மின்வாரியத்தில் விண்ணப்பித்தால் ஒரு கருவியும் வாங்காமலே பணம் மிச்சமாகும். அதனால் காற்றில் கலக்கும் கரி குறையாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முதல் மிச்சத்தைப் பார்த்தவர் உங்கள் அடுத்த சொல்லைக் காது கொடுத்துக் கேட்பார்.

மின்சாரத்தோடு விறகு, உமி, டீசல், 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஆகியவற்றின் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு அந்த மொத்தத்தை உற்பத்தியால் வகுத்துவிடுங்கள். ஆலைக்கு ஒரு குவிண்டால் நெல்லுக்கு எத்தனை யூனிட், விடுதிக்கு ஓர் அறை ஓர் இரவுக்கு எத்தனை யூனிட், பலகாரக் கூடத்துக்கு ஒரு கிலோ முறுக்குக்கு எவ்வளவு எரிவாயு என்ற எண்தான் பின்னால் சிக்கனம் நடந்ததா இல்லையா என்பதைச் சொல்லும். மொத்த ரசீது, வியாபாரம் கூடினாலும் குறைந்தாலும் மாறிவிடும்.

மூன்றாம் படி: உரிமையாளரோடு சேர்ந்து அளப்பது

நீங்கள் தனியாக அளந்து அறிக்கை எழுதினால் அது அலமாரியில் கிடக்கும். உரிமையாளரோ கணக்குப்பிள்ளையோ உடனிருந்து அளக்க வேண்டும். மிக எளிய சோதனை ஒன்று உண்டு: இரவு கடை பூட்டும்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் திறக்கும்போது மறுபடி பாருங்கள். பூட்டிக் கிடந்த நேரத்தில் ஓடிய யூனிட்டுகள் எங்கே போயின என்ற கேள்வியை அவரே கேட்பார். நீங்கள் பதில் தேட உதவினால் போதும்.

அடுத்து, கம்பியை வெட்டாமல் அதைக் கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு மோட்டாரும் எடுக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள். மும்முனை மின்சாரத்தைத் தொடத் தகுதியுள்ள மின்பணியாளர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. கருவிகள் இல்லையென்றால் காரைக்குடியின் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர் செய்முறைத் திட்டமாக இதைச் செய்ய முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டச் செய்த ஊரில், அளவைக் கருவி கிடைக்கவில்லை என்பது நல்ல சாக்கு ஆகாது.

அரிசி ஆலையில் முதலில் பார்க்க வேண்டியவை ஊதுவிசிறிகள். காற்று அதிகமாக வருகிறது என்பதற்காகக் காற்று வழியிலுள்ள அடைப்புத் தகட்டைப் பாதி மூடிவைத்து ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தகட்டை மூடுவதற்குப் பதில் புல்லியின் அளவை மாற்றினாலே இதைச் சாதிக்கலாம், செலவும் சொற்பம். அழுத்தக் காற்றைப் பயன்படுத்தும் பட்டறைகளில் குழாய்க் கசிவு பெரிய திருடன். வேலை நிறுத்திய பிறகும் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடினால் கசிவு இருக்கிறது என்று பொருள், சோப்பு நுரையைத் தடவினால் இடம் தெரிந்துவிடும்.

விடுதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, தடித்த சுவர், உயர்ந்த கூரை, காற்றை இழுக்கும் முற்றம் என்று வெயிலுக்காகவே கட்டப்பட்ட வீட்டில், ஒவ்வோர் அறையிலும் குளிரூட்டியை 18 டிகிரியில் வைத்து ஓட்டுகிறோம். குளிர்ச்சி மேல் சாளரங்கள் வழியாகவும் தேக்குக் கதவின் இடுக்குகள் வழியாகவும் முற்றத்துக்கு ஓடிவிடுகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 முதல் விற்பனைக்கு வரும் அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியையே தொடக்க நிலையாகக் கொண்டு வர வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே முதலில் இடுக்குகளை அடைத்து, மேல் சாளரங்களுக்குக் கண்ணாடி பொருத்தி, மின்விசிறியோடு 25 அல்லது 26 டிகிரியில் வைத்துப் பழக்க வேண்டும். பொய்க்கூரை போடலாம் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். பர்மாத் தேக்கு உத்தரத்தைப் பார்க்கத்தான் விருந்தினர் இவ்வளவு தூரம் வருகிறார் என்பதால், என் கருத்தில் அது கடைசி வழி.

வெந்நீரும் கவனிக்க வேண்டியதே. அறைக்கொரு மின் கொதிகலனுக்குப் பதிலாக, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் வெப்பேற்றிப் பம்பு ஒன்றை மையமாக வைத்தால், அதே வெந்நீருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். இடமிருந்தால் சூரிய வெந்நீர்க் கலனும் நல்லது, ஆனால் ஓட்டுக் கூரையின் மேல் பாரத்தை ஏற்றுவதற்கு முன் கொத்தனாரிடம் காட்ட வேண்டும்.

பலகாரக் கூடங்களில் பேச்சு வேறு விதமாக இருக்கும். அங்கே பெரும்பாலும் ஆச்சிமார்தான் முடிவெடுப்பவர்கள். “ஆச்சி, இந்தச் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருது?” என்று கேட்டால் ரசீது இல்லாமலே சரியான பதில் வரும். சட்டிக்குப் பொருந்தாத பெரிய பர்னர், மஞ்சளாக எரியும் சுவாலை, மூடாமல் காயும் பாகு, தளர்ந்து வழுக்கும் கிரைண்டர் பெல்ட் ஆகியவற்றைச் சரிசெய்யவே முதல் மாதம் போதும்.

நான்காம் படி: வட்டிக் கணக்கில் எழுதுவது

அளந்தது எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும், அதுவும் இங்குள்ளவர் படிக்கும் கணக்கில். “முதலீடு 25 மாதத்தில் திரும்பும்” என்பது பொறியாளர் பேச்சு. “நூற்றுக்கு மாதம் 4 வட்டி வருகிறது” என்றால் எவருக்கும் உடனே பிடிபடும். கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் நடத்த, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 10 குதிரைத் திறன், அதாவது 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று எரிந்துவிட்டது என்று கொள்வோம். மோட்டார்களின் சிக்கனத்தை ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என்று தரம் பிரிக்கிறார்கள், எண் கூடக் கூடச் சிக்கனமும் கூடும். பழைய ஐஇ1 வகையின் திறன் 86 சதவீதம். புதிய ஐஇ3 வகையின் திறன் 90.4 சதவீதம். முக்கால் பளுவில் ஓடினால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.32 கிலோவாட் வித்தியாசம் வரும். எரிந்த மோட்டாருக்குக் கம்பியை மறுபடி சுற்றும் மறுசுற்றுக்கு 8,000 ரூபாயும் புதிய மோட்டாருக்கு 40,000 ரூபாயும் ஆகும் என்றும், யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், கூடுதலாகப் போடும் பணம் 32,000 ரூபாய். ஆண்டுக்கு 3,000 மணி நேரம் ஓடும் ஆலையில் மிச்சம் ஏறத்தாழ 7,600 ரூபாய். நூற்றுக்கு 2 வட்டி. 6,000 மணி நேரம் ஓடும் ஆலையில் மிச்சம் 15,000 ரூபாயைத் தாண்டும். நூற்றுக்கு 4 வட்டி. அதே மோட்டார், அதே விலை. ஓடும் நேரம் மட்டுமே வேறு. முதல் ஆலைக்காரர் யோசித்துச் செய்யலாம், இரண்டாமவர் அன்றைக்கே வாங்க வேண்டும். சரியாகச் செய்யாத மறுசுற்று மோட்டாரின் திறனை இன்னும் ஓரிரு சதவீதம் குறைத்துவிடும் என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இந்தக் கணக்கில் ஒன்றை மறைக்கக் கூடாது. கடன் கொடுத்தால் வட்டியும் வரும், முதலும் திரும்பும். கருவியில் போட்ட முதல் தேய்ந்து மறைந்துவிடும். ஆகவே கருவியின் ஆயுளையும் வட்டிக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். நான்கு வட்டி தரும் கருவி மூன்று ஆண்டில் பழுதானால் அது சுமாரான முதலீடு. பத்து ஆண்டு உழைத்தால் அதைவிட நல்ல முதலீடு கிடைப்பது அரிது. நீங்களே இதைச் சொல்லிவிட்டால், கணக்குத் தெரிந்தவர் அதைக் கண்டுபிடித்து உங்களை மடக்கும் நிலை வராது. இன்னொரு நுட்பம்: புதிய வகை மோட்டார்கள் பழையவற்றைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் சுற்றும். விசிறியிலோ பம்பிலோ புல்லியைச் சரிசெய்யாமல் பொருத்தினால் எதிர்பார்த்த மிச்சம் காணாமல் போய்விடும்.

விளக்கு, மின்விசிறிகளுக்கு இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. 75 வாட் விசிறியை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் கடையில் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும்.

ஐந்தாம் படி: வரக்கூடிய மறுப்புகள்

“சோலார் போட்டுவிடுகிறேனே, போதாதா?” என்பது அடிக்கடி வரும். போடட்டும், ஆனால் தேவையைக் குறைத்த பிறகு போட்டால் சிறிய அளவுத் தகடுகளே போதும் என்பதைக் கணக்கோடு காட்டுங்கள். சந்தையில் விற்கும் “மின்சேமிப்புப் பெட்டி”யை ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் எந்தக் கருவியையும் நம்ப மாட்டார்கள். அவர்களிடம் வாதாடாமல், முதலில் பைசா செலவில்லாத மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடினமான மறுப்பு பங்காளிகளைப் பற்றியது. வளவு வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஊரில். விடுதி நடத்துபவர் பெரும்பாலும் குத்தகைதாரர். வீட்டின் கூரையையும் கம்பியிணைப்பையும் மேம்படுத்தினால் பயன் உரிமையாளர்களுக்கு, மின்கட்டண மிச்சம் குத்தகைதாரருக்கு. யார் பணம் போடுவது என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கழற்றி எடுத்துப் போகக்கூடிய விசிறி, குளிரூட்டி, வெப்பேற்றிப் பம்பு ஆகியவற்றைக் குத்தகைதாரர் தம் செலவில் போடுவது முதல் வழி. வீட்டோடு ஒட்டியவற்றை உரிமையாளர்கள் போட்டு, அதற்கீடாகக் குத்தகைத் தொகையில் சிறிது கூட்டிக்கொள்வதோ, குத்தகைதாரர் போட்டுக் காலத்தை நீட்டித்துக்கொள்வதோ இரண்டாவது. எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஊரிலிருக்கும் ஒரு பங்காளி வாயால் ஒப்புக்கொண்டதை வெளியூர்ப் பங்காளி நோன்புக்கு வரும்போது மறுத்துவிடக்கூடும்.

பருவநிலையைப் பற்றி எப்போது பேசுவது? முதல் மிச்சம் கையில் வந்த பிறகு பேசலாம். ஊருணியையும் கண்மாயையும் நம்பிய வறண்ட பூமி இது, மழை தவறினால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டு மழை பொய்த்ததற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லாமல், அவர் குறைத்த யூனிட்டை 0.7ஆல் பெருக்கி எத்தனை கிலோ என்று அதே தாளின் கீழே எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணிகளையும் ஏற்றுமதியாளர்களையும் வாடிக்கையாகக் கொண்டவர்களுக்கு அந்த எண் வியாபாரத்திலும் உதவும்.

ஆறாம் படி: பணமும் மானியமும்

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடப்பதால், தொழிலகம் எந்த மாவட்டத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்த மாவட்டத் தொழில் மையத்துக்குத்தான் போக வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒன்றிய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று இல்லையென்றால் முதலில் அதைப் பெறுங்கள். எரிசக்தித் தணிக்கைக் கட்டணத்திலும் சிக்கனக் கருவிகளின் விலையிலும் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் “பீஸ்” என்னும் மாநிலத் திட்டத்தின் நடப்பு வரம்புகளை அங்கே கேட்டறியலாம். எரிசக்தித் திறன் செயலகம் 2025 ஜூலையில் தொடங்கிய “அடீட்டீ” திட்டம், குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீதமும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதமும் கடன் வட்டியில் சலுகை தருகிறது. உணவுப் பதப்படுத்தலும் ஜவுளியும் அதன் துறைகளில் உள்ளன, ஆனால் ஒரே வகைத் தொழில்கள் கூடியிருக்கும் ஊர்த் தொகுப்புகளாகப் பார்த்து விரிவாக்கப்படுவதால் உங்கள் ஊர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மானியமானாலும் கருவி வாங்கிய பிறகு விசாரிப்பதில் பயனில்லை, முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மானியம் வந்தால்தான் கணக்கு நிற்கும் என்றிருக்கும் முதலீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழாம் படி: பிறகும் போவது

கருவி பொருத்திய மறுமாதமே ரசீதை வைத்து வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு, குவிண்டாலுக்கு எத்தனை யூனிட், அறைக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிடுங்கள். மிச்சம் எதிர்பார்த்த அளவு வரவில்லையென்றால் காரணத்தைத் தேடி, தாளில் உள்ள எண்ணைத் திருத்தி எழுதி அவரிடமே கொடுங்கள். குளிரூட்டியின் மின்செலவு குறைந்தது என்று மேலும் இரண்டு அறைகளில் குளிரூட்டி மாட்டுவதும் நடக்கும். அது அவர் வியாபாரம், ஆனால் கணக்கில் அது தனியாகத் தெரிய வேண்டும்.

ஆறு மாத எண்கள் சேர்ந்ததும், உரிமையாளரின் சம்மதம் பெற்று, அந்த ஒரு பக்கத் தாளை ஆலை உரிமையாளர் சங்கத்திலோ வணிகர் சங்கத்திலோ அவரையே எழுந்து வாசிக்கச் செய்யுங்கள். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, அவரிடம் எந்த மோட்டார், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரிப்பவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே அவர்களிடம் பன்னிரண்டு மாத ரசீதைக் கேட்கப் போங்கள்.